பன்னிரண்டு செல்லின் சாட்சியம்

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, நிலையூர் கண்மாய்ப் பக்கம் தென்னந்தோப்பும் மாட்டுக் கொட்டகையும் வைத்திருந்தார் என் கட்சிக்காரர். மின்கம்பம் எட்டாத இடம். வெளியூர் நிறுவனம் ஒன்று அங்கே சோலார் அமைத்துக் கொடுத்தது. 165 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் ட்யூப்ளர் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரிக்கு ஐந்தாண்டு வாரண்டி. இரண்டாம் ஆண்டிலேயே நள்ளிரவுக்கு முன்பு ஃபேன் நின்றுபோக ஆரம்பித்தது. வாரண்டி கேட்டதற்கு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதால் வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது.

“போர் தண்ணி ஊத்துனோம்னு எழுதிக் கைய விரிச்சுட்டாய்ங்க சார். ஒரு சொட்டு ஊத்தல” என்றார்.

அந்த எதிர்வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் ஈயத் தகட்டைக் கெடுப்பது உண்மை. நல்லவேளையாக அவர் மனைவி டிஸ்டில்டு வாட்டர் வாங்கிய தேதிகளைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து, பில்களையும் அதோடு பின் போட்டு வைத்திருந்தார். வழக்கின் முதல் ஆவணமாக அதைத்தான் தாக்கல் செய்தேன்.

நல்ல வெயில் அடித்த ஒரு பிற்பகலில், ஹைட்ரோமீட்டரோடு ஒரு எலெக்ட்ரீஷியனைத் தோப்புக்கு அழைத்துப் போனேன். பேட்டரிக்கு ஆறு செல், மொத்தம் பன்னிரண்டு. மூடிகளைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஆசிட் தகடுகளுக்கு மேலேயே நின்றது. முழு சார்ஜில் அடர்த்தி 1.240-க்குக் குறையக் கூடாது. மிதவை காட்டியதோ 1.140, 1.150. பன்னிரண்டு செல்லிலும் ஏறக்குறைய அதே அளவு.

“ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தா தயாரிப்புல குறைன்னு சொல்லலாம் சார். எல்லாம் ஒண்ணா இறங்கியிருக்கு. இது பட்டினி கெடந்த பேட்டரி” என்றார் அவர்.

வழக்கின் திசையை மாற்றியது அந்தச் சொல்தான். நிறுவனம் கொடுத்த கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். ‘இரண்டு ஃபேன், நான்கு விளக்கு, இரவு 10 மணி நேரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 75 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் விளக்கு நான்கு என்றால் இரவுக்குச் சுமார் 1.9 யூனிட். பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவு 3.6 யூனிட், பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் நீளும் என்பதால் அந்தத் தேர்வு ஏறக்குறைய சரி. பேனல்தான் போதவில்லை. 330 வாட் பேனல், இழப்புகள் போக, நாளுக்கு ஒரு யூனிட் சேமித்தாலே அதிகம். 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜ் வேண்டும். இந்தப் பேனல்கள் உச்சி வெயிலிலும் 9 ஆம்பியரைத் தாண்டாது. முழு சார்ஜ் காணாத பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாக ஏறாது.

பேட்டரித் தயாரிப்பாளரை மட்டும் எதிர்த்திருந்தால் வழக்கு தோற்றிருக்கும். அமைத்துக் கொடுத்த நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, சேவைக் குறைபாடு என்று வாதிட்டேன். வெளியூர் நிறுவனம் என்பது தடையாகவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி, பேட்டரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரினேன். ஆசிட்டில் உப்பும் இரும்பும் அளவோடுதான் இருந்தன, தகடுகளில் சல்பேட் இறுகியிருந்தது என்று அறிக்கை வந்தது. கிணற்றுத் தண்ணீர் வாதம் அத்துடன் விழுந்தது.

தயாரிப்பாளர் மீதான புகார் தள்ளுபடியானது. அமைத்துக் கொடுத்த நிறுவனம் பேட்டரிகளின் விலையை வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் உத்தரவானது.

சோலார் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எத்தனை ஃபேன், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு செல்லின் அடர்த்தியையும் தேதியோடு குறித்து வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரி படுத்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.