புகையாத அடுப்பு

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அதனை மறுப்பார் எவருமில்லை. ஆனால், புகையாமலே ஒரு நெருப்பு இருக்கக்கூடும் என்பதையும், அந்நெருப்பு புகைகின்ற நெருப்பினும் கொடியதாகக்கூடும் என்பதையும் எனக்குக் கற்பித்தது தெல்தோட்டை மலையிலே கழிந்த ஒரு மார்கழி இரவு. அவ்விரவைப் பற்றியும், அடுப்பென்னும் எளிய பொருளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றேன். அடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நகைக்க வேண்டாம். நாள்தோறும் நம்மோடு வாழும் பொருளைத்தான் நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கின்றோம்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக மலையேறி வந்தால் தெல்தோட்டை. அதற்கு அருகிலேதான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1852ஆம் ஆண்டு, தமது பதினாறாவது வயதில் ஸ்கொத்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867ஆம் ஆண்டு அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் தேயிலை பதனிட்ட முதல் தொழிற்சாலை எது தெரியுமா? அவருடைய பங்களாவின் விறாந்தைதான். கொழுந்தை மேசைமீது கையாலே உருட்டிக் கம்பித் தட்டுகளிற் பரப்பி, களிமண் அடுப்புகளில் கரிநெருப்பின் மேல் வைத்து உலர்த்தினார்கள். இன்று அவருடைய குடிலைத் தேடிச் செல்வோர் காண்பது பழைய கணப்படுப்பின் கற்களைத்தான். வீடு மறைந்தபின்னும் அடுப்பு நிற்கிறது!

என் தந்தையாரும் அடுப்போடு வாழ்ந்தவரே. தோட்டத்து இஸ்டோரிலே தேயிலை உலர்த்தும் இயந்திரத்திற்குச் சூடேற்றும் பெரிய உலைக்கு விறகிடுவது அவர் தொழில். அவ்வுலையின் நெருப்பு தேயிலையை நேரே தீண்டுவதில்லை. நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும்; அவற்றைச் சுற்றி வரும் தூய காற்று சூடேறித் தேயிலையின் ஊடே செல்லும்; புகை தனி வழியே கூண்டு ஏறி வானத்தை அடையும். குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு நேர்ந்தாலும் தேயிலையிற் புகைநாற்றம் ஏறிவிடும், விலை விழுந்துவிடும். ஆகையால் உலையைக் கண்ணுங் கருத்துமாகக் காத்தார்கள்.

தந்தையார் இஸ்டோருக்கு வெளியே நின்றபடியே உலையின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். கூண்டிலிருந்து வெள்ளைப் புகை திரண்டு வந்தால் விறகு ஈரம். கரும்புகை வந்தால் உலைக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது விறகை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார்கள். கானல்போல மெல்லிய சூடு மட்டும் அசைந்தால் நெருப்பு நலமாயிருக்கிறது. வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது.

அத்தகைய அறிவாளியின் வீட்டு அடுப்பு எப்படியிருந்தது? எங்கள் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கதவு ஒன்று, சன்னல் என்று சொல்லத்தக்க துவாரம் ஒன்று. மூலையில் மூன்று கல் அடுப்பு. புகைக்கூண்டு கிடையாது. புகை தகரக்கூரையைத் தடவி, சுவரைக் கறுப்பாக்கி, அம்மாவின் நெஞ்சிலே பாதியும் வெளியிலே பாதியுமாகப் போய்ச் சேரும். தேயிலையிலே புகை ஏறாமற் காப்பதற்கு ஓர் ஆளை நியமித்திருந்த உலகம், தேயிலை பறிக்கும் பெண்ணின் மூச்சிலே புகை ஏறுவதைப் பற்றி எண்ணவில்லை. இதை நான் குறையாகக் கூறவில்லை. அக்காலத்தில் நாங்களும் எண்ணவில்லை என்பதையே கூறுகின்றேன்.

1970ஆம் ஆண்டு மார்கழி மாதம். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து மாதம். விடாத மழை, உடலைத் துளைக்கும் குளிர். தம்பிக்கு இருமல். விறகை மூட்டினால் புகையில் அவன் இருமல் மிகுகிறது என்று அம்மா ஓர் உபாயம் செய்தார். அடுப்பிலே நன்றாகக் கனன்ற கரித்துண்டுகளை மண்சட்டியில் அள்ளி, எங்கள் பாயருகே வைத்தார். புகையே இல்லை, இதமான சூடு. குளிர்காற்று நுழையாதபடி கதவின் கீழ்ச் சந்திலே சாக்கைத் திணித்தார். சன்னலையும் அடைத்தார். மூவரும் உறங்கினோம்.

நள்ளிரவில் இஸ்டோர் வேலை முடித்து வந்த தந்தையார் கதவைத் தட்டியிருக்கிறார். எவரும் எழவில்லை. எனக்கு அந்தத் தட்டல் வெகுதூரத்தில் எவரோ மரம் வெட்டுவது போலக் கேட்டது. தலை பிளப்பது போல வலி. எழ முயன்றேன், கால்கள் என்னுடையவையாக இல்லை. கதவு உடைந்தது நினைவிருக்கிறது. தந்தையார் எங்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து, மழைச்சாரல் அடிக்கும் இஸ்தோப்பிலே கிடத்தினார். தம்பி துணிபோலத் துவண்டு கிடந்தான். அம்மா அவனைத் தடவித் தடவி அழுதார். எவ்வளவு நேரம் சென்றதோ அறியேன். அவன் வாந்தியெடுத்து வீறிட்டழுதான். குழந்தை அழுததற்காக ஒரு லயமே மகிழ்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"புகையில்லாத நெருப்புன்னுதானேங்க வச்சேன்" என்று அம்மா தேம்பினார்.

"புகை இருந்திருந்தா கண்ணெரிஞ்சு எந்திரிச்சிருப்பீங்க புள்ள. கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கொல்லும்" என்றார் தந்தையார். உலையைச் சுத்தம் செய்ய உள்ளே தலையிட்டவர்கள் மயங்கி விழுந்ததை அவர் கண்டிருந்தார்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகைவனின் பெயர் காபன் மொனொக்சைட்டு என்பதை நான் பின்னர் கல்லூரியிலே கற்றேன். போதிய காற்றில்லாமல் கரியோ விறகோ எரியும்போது அது பிறக்கிறது. நிறமில்லை; மணமில்லை. நமது குருதியிலே பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவையே அதன் வருகைக் குறிகள். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் இக்குறிகள் தோன்றினால், உணவையோ தடிமனையோ குறை கூறிக்கொண்டிராமல், முதலில் அனைவரும் வெளிக்காற்றுக்கு வருதல் வேண்டும். அதன்பின் தாமதியாமல் வைத்தியரை நாடுதல் வேண்டும். உறங்கும் அறையில் கரிச்சட்டி வைப்பதில்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும் நோன்பாகக் கொள்க.

அடுத்த ஞாயிறு தந்தையார் வீட்டு அடுப்பிலே கை வைத்தார். அன்று அவர் செய்தவற்றையும் சொன்னவற்றையும் வரிசையாகத் தருகின்றேன், இன்றும் பயன்படும்.

முதலாவது, விறகு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை செலவாகிறது, மிஞ்சுவது புகை. காய்ந்த விறகின் முனையிலே வெடிப்புகள் தெரியும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று ஒலிக்கும். ஈர விறகு 'பொத்'தென்னும். கவ்வாத்துக் காலத்து மிலாறும் சவுக்கு விறகும் பல மாதம் மழைபடாமல் அடுக்கி வைத்தாலன்றி அடுப்புக்கு ஆகா. அவசரத்திற்காக அடுப்பின்மேலேயே பரண் கட்டி ஈர விறகை அடுக்குவோர், ஒரு பொறி போதும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, காற்று. சட்டியின் அடியிலே கரி தடிப்பாகப் பிடித்தால், சுவாலை மஞ்சளாகி நீண்டு அலைந்தால், நெருப்புக்கு மூச்சுத் திணறுகிறது என்று அறிக. சாம்பலை அள்ளாமல் விடுவதும் விறகைத் திணிப்பதும் காரணங்கள். தந்தையார் அடுப்பின் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகளை வைத்து, விறகை அவற்றின்மேல் ஏற்றினார். கீழிருந்து காற்றுச் சென்றது. அதன்பின் ஊதாங்குழலுக்கு வேலை குறைந்துவிட்டது.

மூன்றாவது, புகைவழி. பழந்தகரத்தை வளைத்து அடுப்புக்கு மேல் ஒரு கூடாரமும், அதிலிருந்து கூரையைக் கடந்து செல்லும் குழாயும் அமைத்தார். கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்தினார்; முகட்டுக்குத் தாழ்வாக நின்றால் மலைக்காற்று புகையை உள்ளே திருப்பியடிக்கும். குழாய் செல்லுமிடத்தில் மரச்சட்டம் தீண்டாதபடி இடைவெளி விட்டார். அப்படியிருந்தும் காலையிலே அடுப்பு மூட்டும்போது புகை உள்ளேயே சுழன்றது. இரவெல்லாம் குழாயில் தங்கிய குளிர்காற்று அதைக் கீழே அழுத்துகிறது என்று விளக்கி, முதலில் ஒரு பிடி காய்ந்த சருகைக் கூடாரத்தின் வாயிலே கொளுத்திக் காட்டினார். குழாய் சூடேறியதும் புகை பிள்ளைபோலப் பணிந்து மேலே சென்றது.

நான்காவது, சுத்தம். குழாயிலே படியும் கரி எரியக்கூடியது. குழாய் திடீரென்று இரைந்து, உச்சியிலே பொறி பறந்தால், உள்ளே தீப்பற்றிவிட்டது என்று பொருள். அப்போது விறகை வெளியே இழுத்துக் காற்றை அடைத்தல் வேண்டும். வீட்டிலுள்ளோரை வெளியேற்றுதல் வேண்டும். கொதிக்கும் கூண்டிலே தண்ணீரைக் கொட்டினால் அது வெடிக்கக்கூடும். இந்நிலை வராமலிருக்க, மாதத்திற்கொருமுறை நீண்ட கோலின் முனையிலே சாக்கைச் சுற்றித் துடைத்தல் நன்று.

ஐந்தாவது, வெடிப்பு. களிமண் அடுப்பு வெடித்தால், களிமண்ணோடு மணலும் உமியும் பிசைந்து பூசலாம். ஆனால் பூசியவுடன் நெருப்பு மூட்டலாகாது. நிழலிலே சில நாள் உலரவிட்டு, முதலில் சிறு தீ, பிறகு பெருந்தீ. அவசரப்பட்டவர் மீண்டும் பூசுவர்.

இவ்வளவும் செய்தும், அம்மாவைப் பொறுத்தமட்டிற் காலங்கடந்துவிட்டது. ஐம்பது வயதிலே அவருக்கு மூச்சிளைப்பு முற்றியது. வைத்தியசாலையில் ஓர் இளம் டாக்டர், "பீடி, சுருட்டு ஏதும் குடிப்பீர்களா, அம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டு, "ஆயுசு முழுக்கப் புகைதான் குடிச்சேனுங்க ஐயா. பீடிதான் குடிச்சதில்லை" என்றார். 2001இல் அவர் மறைந்தார். வீடுகளுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது ஒரே ஒரு முகம்.

2022ஆம் ஆண்டு நாட்டிலே சமையல் எரிவாயு கிடைக்காமற் போனபோது, நகரத்து வீடுகளும் மீண்டும் அடுப்பைத் தேடின. கண்டியில் வாழும் என் மகள் ஒரு மழை மாலையிலே தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, நல்ல கரியடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன். புகையே இல்லை. வெளியே மழை, அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறேன்" என்றாள்.

என் கை நடுங்கியது. "மகள், முதலில் கதவையும் சன்னலையும் திற. அடுப்பை வெளித்திண்ணைக்குக் கொண்டுபோ. பிறகு பேசுவோம்" என்றேன். அவள் திறக்கும் ஓசை கேட்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. அதன்பின், 1980களில் நம் நாட்டிலே பரவிய 'அனகி' என்னும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். முன்வாய்ச் சட்டியைச் சுட்ட நெருப்பு வீணாகாமற் பின்வாய்ச் சட்டிக்குச் செல்வதால் விறகு மிச்சமாகும். ஆயினும் அதையும் சன்னலோரத்திலேயே வைத்தல் வேண்டும். அடுப்பு எவ்வளவு திறமையுடையதாயினும் காற்றுக்கு ஈடாகாது.

வாசகர்களே, நீங்கள் விறகு எரித்தாலும், கரி எரித்தாலும், எரிவாயு எரித்தாலும் நியதி ஒன்றுதான். நெருப்பு நம்மைப் போலவே மூச்சுவிடுகிறது. அதற்குக் காற்று வரவும் வழி வேண்டும், அது விட்ட மூச்சு வெளியேறவும் வழி வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை அடைத்தால், அது நம் மூச்சைப் பறித்துக்கொள்ளும். மாணவர்கள் இன்று மாலையே தத்தம் வீட்டு அடுப்படிக்குச் சென்று, புகை எவ்வழியே போகிறது என்று சற்று நின்று பார்க்கட்டும். அது அம்மாவின் முகத்தை நோக்கிப் போகுமானால், அதைத் திருப்பும் வேலை அவர்களுடையது.

தம்பிக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. தெல்தோட்டையிலே தனிவீடு கட்டியிருக்கிறான். அவ்வீட்டிற்கு முதலில் எழுந்தது புகைக்கூண்டு, அதன்பின்னரே சுவர்கள்.