குதிரையின் புல்லும் மிளகாயின் தண்ணீரும்

நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்குத் திருப்புல்லாணி ஒன்றியத்திலிருந்து ஒரு அம்மா கடிதம் எழுதியிருந்தார். 'பட்டணத்தில் பந்தயக் குதிரை ஓடுகிற புல்லுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் அடிக்கிறார்களாமே. இங்கே மிளகாய்ச் செடிக்கு உயிர்த்தண்ணி இல்லை. இது நியாயமா?' என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'எங்கள் ஊரிலும் ஒரு பந்தயக் குதிரை இருக்கிறது.'

அந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. நான்கு வரியில் பதில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ராமநாதபுரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புல்லால் பெயர் பெற்ற ஊர்

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி சுமார் 10 கிலோமீட்டர். வழியெங்கும் பனையும் சீமைக்கருவேலும். களத்திலும் சாலை ஓரத்திலும் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, பிறகு குட்டையிலும் ஊருணியிலும் மிச்சம் கிடக்கிற தண்ணீரில் உயிர் பிடித்துக் காய்ப்பது. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் மூன்றே மாதத்தில் கொட்டிவிடும். மற்ற ஒன்பது மாதமும் சேமித்ததை வைத்து ஓட்டுவதுதான் இங்கே விவசாயம்.

ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் இறங்கிக் கும்பிட்டேன். கடலைக் கடக்க வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லைப் பரப்பிப் படுத்த இடம் என்பது தலபுராணம். புல் அணைதான் புல்லாணி ஆனது என்பார்கள். தர்ப்பசயன ராமரைப் பார்த்து நிற்கும்போது ஒரு விவசாய அதிகாரிக்கு வேறு நினைப்பும் வருகிறது. தெய்வத்துக்கே பாயாக விரிந்த அந்தப் புல்லுக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சியிருக்க மாட்டார்கள். மழைக்கு முளைத்து, வெயிலுக்குக் காய்ந்து, மறுபடி மழைக்குத் துளிர்க்கிற புல் அது.

இந்தக் கரைக்குக் குதிரையும் புதிதல்ல. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் வந்து இறங்கின. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் வருடம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவதாக எழுதியிருக்கிறார். இதே ஒன்றியத்தில் இருக்கும் பெரியபட்டினமும் அந்தக் காலத்துத் துறைமுகம்தான். அங்கே மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பணம் கொடுத்தால் குதிரை வரும். அது பிழைப்பதற்கு வேண்டிய புல்லையும் தண்ணீரையும் கப்பலில் ஏற்றி வர முடியாது. எழுநூறு வருடம் கழித்தும் வழக்கு அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஓடுகளத்துக்கு ஏன் தண்ணீர்?

கடிதம் எழுதிய அம்மாவின் வீடு சேதுக்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. திண்ணையில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாயில் வைத்ததும் லேசாக உப்புக் கரித்தது.

"போன வருசம் இப்படி இல்ல தம்பி. நல்ல தண்ணி. பதநீர் கணக்கா இருக்கும்" என்றார்.

"முதல்ல பட்டணத்துக் கதையைச் சொல்லிர்றேன்மா" என்று ஆரம்பித்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒற்றைக் கால் தரையில் பதிகிற நொடியில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் அந்தக் காலில் இறங்குகிறது. தரை கட்டாந்தரையாக இருந்தால் எலும்பு விரிசல் விடும். அதனால்தான் தண்ணீர் அடித்து, தரையை ஒரு பதத்தில் வைக்கிறார்கள். நாம் கையில் மண்ணைப் பிடித்து உருட்டிப் பதம் பார்ப்பது போல, அவர்கள் ஒரு எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து ஒரு கம்பியின் மேல் விழவிட்டு, கம்பி தரையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கிறார்கள். பெனட்ரோமீட்டர் என்று அதற்குப் பெயர். நம் நாட்டுப் பந்தய மைதானங்களிலும் இந்த அளவைப் பார்த்துத்தான் தரையின் நிலையை அறிவிக்கிறார்கள்.

தண்ணீர் அதிகமாகிவிட்டால் வேறு தொல்லை. தரை சொதசொதத்துக் குளம்பு புதையும், தசைநார் இழுபடும், வளைவில் வழுக்கும். மைதானத்தில் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தண்ணீர் விழுந்தால், எந்த ஓரத்தில் ஓடும் குதிரைக்கு லாபம் என்ற சண்டை வரும். சில குதிரைக்குக் கெட்டித் தரை பிடிக்கும், சிலவற்றுக்கு இளகிய தரை. பந்தயத்துக்கு முந்தைய நாள் தண்ணீர் அடித்து, அன்று இரவே மழையும் பெய்துவிட்டால், கெட்டித் தரையை நம்பி வந்தவர்கள் குதிரையை விலக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரிட்டனில் இது வருடா வருடம் வரும் புகைச்சல். அங்கே தடை தாண்டாமல் ஓடும் பந்தயத்துக்கு ஓரளவு கெட்டியான, நல்ல தரை இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதில்தான் வாதம்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அடிக்கடி மேலாகத் தெளித்தால் புல்லின் வேர் மேலேயே நின்றுவிடும். குளம்பு பட்டதும் பாய் பாயாகப் பெயர்ந்து வரும். விட்டு விட்டு, ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். மிளகாய்க்கும் இதே கணக்குத்தான்.

லிட்டர் கணக்கு

"அதெல்லாம் சரி தம்பி, எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார் அந்த அம்மா. சரியான கேள்வி.

பேச்சுக்கு 2 கிலோமீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் ஒரு ஓடுகளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 12 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். கோடையில் ஒரு நாளில் ஆவியாகிற 5 மில்லிமீட்டரை ஈடுகட்ட 2,50,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் 21 நடை. கேட்டாலே தலை சுற்றும்.

இப்போது நம் பக்கக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 1 லட்சம் லிட்டர். ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல்.

2016-ல் மகாராஷ்டிராவில் கடும் வறட்சி. லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போனது. அந்த நேரத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் மைதானங்களுக்குத் தண்ணீர் விடுவதா என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஏப்ரல் 30-க்குப் பிறகான ஆட்டங்களை வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொன்னது நீதிமன்றம். மைதானங்களுக்கு 60 லட்சம் லிட்டர் செலவாகும் என்று அப்போது சொல்லப்பட்டது. நம் கணக்கில் அது ஒன்றேகால் ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர்!

அப்படியானால் அந்தக் கோபம் வீணா? வீணில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், குடிக்கத் தகுந்த தண்ணீரைப் புல்லில் அடிப்பது கண்ணை உறுத்தத்தான் செய்யும். எத்தனை லிட்டர் என்பதோடு, எந்தத் தண்ணீர், எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரை மைதானத்துக்குப் பயன்படுத்தலாமே என்ற யோசனை அந்த வழக்கின்போதும் பேசப்பட்டது.

சென்னை கிண்டியில் கதை தலைகீழ். அங்கே பிரச்சினை வெள்ளம். 160 ஏக்கர் அரசு நிலம் 1945-ல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. வாடகை பாக்கிக்காக 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, மைதானத்துக்குச் சீல் வைத்தது. பிறகு வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டும் வேலை தொடங்கியது. கிளப் நீதிமன்றம் போனது. அதே 2024-ல், ஜூன் மாதம், ஊட்டிப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது. குதிரை ஓடிய புல்தரையில் தண்ணீர் நிற்கட்டும் என்கிற காலம் வந்துவிட்டது. குதிரையை நம்பிப் பிழைத்த லாயக்காரர்களுக்கும் லாடம் அடிப்பவர்களுக்கும் இது சிறிய அடி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து வேலியில் குதிரை

"இப்ப உங்க ஊர்க் குதிரையைக் காட்டுங்க" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த அம்மாவின் கொழுந்தன் மகன் வளர்க்கிறார். நம் மாவட்டத் திருவிழாக்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டு வண்டி ஓடுவது போல, குதிரை வண்டிப் பந்தயமும் உண்டல்லவா? அதில் ஓடுகிற குதிரை. இங்கே பந்தயம் தார்ச் சாலையில், அதனால் களத்துக்குத் தண்ணீர் வேண்டாம். வயிற்றுக்குத்தான் வேண்டும். குடிக்க நாளைக்கு 30, 40 லிட்டர். அது பெரிதல்ல. தீவனத்துக்காக 15 சென்ட்டில் குதிரைமசால் போட்டிருந்தார். மணல் பூமி. தினமும் காலையும் மாலையும் மோட்டார் ஓடியது. அவர் கிணற்றுக்கும் பெரியம்மா கிணற்றுக்கும் நடுவே 40 மீட்டர்கூட இருக்காது.

"எனக்கு இது பொழுதுபோக்கு இல்ல சார். ரெண்டு வருசம் வெளிநாட்டுல கஷ்டப்பட்ட காசு இது. புல்லு வாடுனா குதிரை வாடும்" என்றார் அவர். பெரியம்மாவும் அவரும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. பொங்கலுக்குக்கூட அடுப்பு தனித்தனியாம்.

நான் என் பழைய தப்பு ஒன்றைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே கரையில் வேறொரு ஊரில், ஊற்றுக் கிணற்றை வைத்திருந்த ஒரு விவசாயியிடம் இன்னும் ஆழமாகத் துளை போடச் சொன்னேன். படித்த திமிர். இரண்டு கோடை நல்ல தண்ணீர் வந்தது. மூன்றாவது கோடையில் உப்பு. அந்தத் தோட்டத்தில் இன்று சீமைக்கருவேல் நிற்கிறது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு சுமார் 40 அடி மேலேறப் பார்க்கும். பெண்கள் சிரட்டையில் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பியது வசதியில்லாமல் மட்டும் அல்ல. அந்த ஊற்றுக்கு அதுதான் தாங்கும்.

கையில் கொண்டுபோன உப்பு அளவுமானியை எடுத்தேன். அம்மா கிணறு 1.9 டெசிசைமன். மிளகாய் 1 வரை சேதமில்லாமல் தாங்கும். அதற்கு மேல் மகசூல் இறங்கும். தம்பியின் கிணறு 2.1. அவர் தோட்டத்து மூலையில் கைவிட்ட ஒரு பழைய ஆழ்துளைக் கிணறு இருந்தது. அதில் 3.8.

"இந்த மூலைத் தண்ணிதான் உங்க குதிரைக்குப் புல் வளர்க்கப் போகுது" என்றேன். குதிரைமசாலின் மகசூல் அந்த உப்பில் குறையும். அருகம்புல் 4.6 வரை பெரிய இழப்பில்லாமல் தாங்கும். குதிரைக்கும் நல்ல தீவனம். மணல் பூமியில் ஐப்பசி மழை உப்பைக் கழுவி இறக்கிவிடும். நல்ல கிணற்றிலிருந்து குதிரைக்குக் குடிக்க மட்டும் எடுத்தால் போதும்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வாரம் நல்ல கிணத்து மோட்டாரை நிறுத்திப் பார்ப்போம்" என்று பேசி முடித்தோம். அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அம்மா கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. உப்பு 1.8. ஏறிய உப்பு ஒரு வாரத்தில் இறங்காது. நல்ல மழை ஒன்று வேண்டும். ஆனால் மூலையில் அருகம்புல் கரணை ஊன்றியிருந்தது. நான் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "பெரியம்மா, சாருக்கு மோர் இருக்கா?"

திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் ஐயனார் கோயில். வரிசையாக மண் குதிரைகள். நம் பெரியவர்கள் தண்ணீருக்குக் காவலாகத்தான் குதிரையை நிறுத்தி வைத்தார்கள்.

கடற்கரையோர விவசாயிகளுக்கு

கிணற்றுத் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை சோதித்துக்கொள்ளுங்கள்: கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை. நாக்கு சொல்வதற்குள் செடி பாதித்திருக்கும். மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல், கொஞ்ச நேரம் ஓட்டி, ஊற விட்டு ஓட்டுங்கள். உப்பு ஏறினால் கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள், எடுப்பதைக் குறையுங்கள். உப்புத் தண்ணீர் புல்லுக்கு, நல்ல தண்ணீர் மிளகாய்க்கும் மனிதருக்கும். பக்கத்துக் கிணற்றுக்காரரோடு பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். மண்ணுக்கு மேலே வேலி இருக்கலாம். கீழே இருப்பது ஒரே தண்ணீர்.