ஐம்பது நிமிஷம்

சென்னையிலிருந்து பாரிஸுக்குப் போகிற வழியில் பிராங்க்பர்ட்டில் விமானம் மாற வேண்டும். நடுவே 50 நிமிஷம். "தாராளம்!" என்று எண்ணியிருந்தேன். இறங்கிய பிறகல்லவா விஷயம் தெரிந்தது! ஷெங்கன் நாடுகளில் முதலில் கால் வைக்கும் இடத்திலேயே பாஸ்போர்ட் சோதனை. எனக்கு முன்னால் அனுமார் வால் போல் வரிசை. நெஞ்சு படபடத்தது.

"தம்பி, மகளுக்குப் பிரசவம். என் விமானமும் கிளம்பப் போகிறது. கொஞ்சம் முன்னே விடுகிறீர்களா?" என்றார், பின்னால் நின்ற ஒரு வயதான அம்மாள். நான் காதில் விழாதவன் போல் நின்றேன்.

ஓட்டமாய் ஓடி விமானத்தில் ஏறினேன். அது கிளம்ப அரை மணி தாமதம்!

அந்த அம்மாள் தம் விமானத்தைப் பிடித்தாரோ, இல்லையோ! ஒரே ஒரு நிமிஷம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லையே!