புது தில்லித் தொகுதியும் நம்மவர் வாக்கும்

ஜான்சி ராணியின் பெயரைத் தாங்கிய லக்ஷ்மிபாய் நகர், சரோஜினி நகருக்கும் கிட்வாய் நகருக்கும் அண்மையிலுள்ள சர்க்கார் ஊழியர் குடியிருப்பாகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கிருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய இடம். தேர்தலில் இப்பகுதி புது தில்லித் தொகுதியைச் சேர்ந்தது.

இத்தொகுதி ஜனசங்கத்துக்கும், அதன் வழிவந்த பாரதீய ஜனதாவுக்கும் கோட்டை என்பது பலர் கருத்து. அதற்கு ஆதாரமும் உண்டு. 1961 இடைத்தேர்தலில் பல்ராஜ் மதோக்கும், 1967இல் எம். எல். சோந்தியும் இங்கே வென்றனர். 1980இல் தில்லியின் ஏழு இடங்களில் ஆறு காங்கிரஸுக்குப் போக, இத்தொகுதி மட்டும் வாஜ்பாயியைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் அத்வானி இருமுறையும் ஜக்மோகன் மும்முறையும் வெற்றி பெற்றனர்.

ஆயினும் இக்கோட்டையின் கதவு என்றும் அடைபட்டே இருந்ததில்லை. 1971, 1984, 2004, 2009 ஆகிய பொதுத் தேர்தல்களில் காங்கிரஸே வென்றது. 1991இல் அத்வானி நடிகர் ராஜேஷ் கன்னாவை வென்றது 1,589 வாக்குகளில்தான். மறு ஆண்டின் இடைத்தேர்தலில் கன்னாவே வாகை சூடினார்.

இன்னுமொரு விந்தை. 2014, 2019 பாராளுமன்றத் தேர்தல்களில் மீனாட்சி லேகியை அனுப்பிய இவ்வட்டாரம், 2015, 2020 சட்டசபைத் தேர்தல்களில் கேஜ்ரிவாலை ஆதரித்தது. நாட்டை ஆள்வது ஒன்று, நகரின் நீரையும் மின்சாரத்தையும் கவனிப்பது வேறொன்று என வாக்காளர் பிரித்தறிந்தனர் என்றே கொள்ள வேண்டும். 2025இல் அதே கேஜ்ரிவால் 4,089 வாக்குகளில் தோற்றார்.

அமெரிக்காவிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. 1968 முதல் 2004 வரை பத்து ஜனாதிபதித் தேர்தல்களில் ரிபப்ளிகன் கட்சியையே ஆதரித்த வெர்ஜீனியா, 2008இல் ஒபாமாவின் பக்கம் திரும்பியது. வாஷிங்டனை அடுத்த அதன் வடபகுதியில் சர்க்கார் ஊழியரும் வெளியூரிலிருந்து குடியேறியோரும் பெருகியது அதற்கொரு காரணம்.

நம்மவரோ உத்தியோக மாற்றலில் வருவதும் போவதுமாக இருக்கிறோம். பெயர் ஊர்ப் பட்டியலில் கிடக்க, வாழ்க்கை தில்லியில் நடக்கிறது. தேர்தல் நாளன்று இரண்டிடத்திலும் வாக்கில்லாமற் போகிறது. சட்டப்படி ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். அது அவர் வழக்கமாக வசிக்குமிடம். வீடு மாறியோர் 8ஆம் எண் படிவத்தை நிரப்பித் தந்தால் பெயர் புதிய முகவரிக்கு மாறும்.

யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. ஆனால் ஆயிரத்தைந்நூறு, நாலாயிரம் வாக்குகளில் முடிவு மாறும் தொகுதியில் நம் வீட்டு வாக்குகளை எண்ணாமல் விடுவது முறையன்று. அடுத்த மாற்றல் உத்தரவு வந்ததும், குழந்தைகளின் பள்ளி மாற்றத்தோடு இப்படிவத்தையும் நினைவில் வைப்போமாக.