மாறியும் மாறிலியும்

"கணினி படித்தால் வேலை கிடைக்கும்" என்ற வாக்கியம் இன்று வெலிமடைச் சந்தைக்கு உருளைக்கிழங்கு மூட்டையோடு வரும் விவசாயியின் வாயிலும், தோட்டத்து லயத்திலிருந்து மகளைப் பத்தாம் தரத்துக்கு அனுப்பும் தாயின் வாயிலும் ஒன்றுபோல் ஒலிக்கிறது. பசியறிந்தோர் சொல்லும் அச்சொல்லை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், எந்த வேலை என்ற கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். பிறர் எழுதிவைத்த கட்டளைக்கு விரலசைப்பதே கணினிக் கல்வியின் முடிவானால், கொழுந்து பறித்த கை விசைப்பலகைக்கு மாறிற்று என்பதன்றி வேறென்ன மாற்றம் நிகழ்ந்துவிட்டது?

மலையகத்துக்கு இயந்திரம் புதியதன்று. வெள்ளையர் காலத்திலேயே பல தோட்டங்கள் தம் அருவிகளில் சிறு நீர்மின் இயந்திரங்களை நிறுவித் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டின. கொழுந்தை அரைக்க மின்சாரம் வந்தது; கொழுந்தைப் பறித்தவளின் லயத்திலோ பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கல்வியின் கதையும் இதுவே. 1945இல் நாடு கண்ட இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. அப்பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்பதற்கு 1970கள் வரவேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் உமா ஓயாத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பக்கத்துப் புஹுல்பொல அணையின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சென்று, 120 மெகாவாற்று ஆற்றலுள்ள மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. எங்கள் மலையின் நீர் நாட்டுக்கு ஒளியாகிறது. அம்மின்சாரம் ஒரு சிறு சில்லினுள்ளே புகுந்து எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை அறியும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா?

வெலிமடையை அடுத்த தமிழ்ப் பாடசாலை ஒன்றில் இப்பாடத்தைக் கற்பித்து வருபவன் நான். எங்கள் பாடநூல்கள் 'தருக்கப் படலை' என்ற சொல்லை ஆள்கின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் படலை வீட்டு வாயிலில் இருக்கிறது; எங்கள் பிள்ளையோ அதைக் 'கேட்' என்றே அறிவாள். ஆகவே சொல்லிலிருந்தே பாடம் தொடங்குகிறது. ஒரு மின்கலம், ஒரு சிறு குமிழ், இரண்டு ஆளிகள்: இவை போதும். ஆளிகளைத் தொடராக இணைத்தால் இரண்டையும் மூடினாலன்றிக் குமிழ் எரியாது. சமாந்தரமாக இணைத்தால் ஏதேனும் ஒன்றை மூடினாலே எரியும். 1854இல் ஜோர்ஜ் பூல் நூலாக எழுதிய தருக்கக் கணிதத்தை ஆளிகளின் இணைப்பால் செய்துகாட்டலாம் என 1937இல் குளோட் ஷனன் என்னும் இளம் மாணவர் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினி யாவும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை. இதைக் கைகளால் செய்து பார்த்த பிள்ளைக்குக் கணினி அதன் பின் மாயப் பெட்டியன்று.

இனி, செய்நிரல். நாங்கள் பயின்ற மொழி பஸ்கால். மாணவருக்கு முறையான சிந்தனையைப் பயிற்றவென்றே நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி. அதில், ஓட்டத்தின்போது மதிப்பு மாறக்கூடியது மாறி, மாறாதது மாறிலி. பறித்த கொழுந்தின் நிறையைப் பெற்று அன்றைய சம்பளத்தைக் கணிக்கும் செய்நிரல் ஒன்றை எழுதும்படி ஒருநாள் சொன்னேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட 2021ஆம் ஆண்டுக்குப் பின், எத்தனை கிலோவுக்கு முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர் என்ற வழக்கு லயந்தோறும் நடந்ததைப் பிள்ளைகள் அறிவார்கள். நிறையை மாறியாகவும், முழுப்பேருக்கு வேண்டிய அளவை மாறிலியாகவும் எழுதச் சொன்னேன்.

கொழுந்து பறிப்பவளின் மகள் ஒருத்தி எழுந்தாள்.

"சேர், அம்மாவோட தோட்டத்தில போன வருசம் ஒரு அளவு, இந்த வருசம் இன்னொரு அளவு. மாறுறதை எப்படி சேர் மாறிலின்னு எழுதுறது?"

நான் பதில் கூறுமுன் பின்வரிசைப் பையன் ஒருவன், "தண்ணிக்கும் சாக்குக்கும் தராசில கழிக்கிறாங்களே சேர், அதுக்கும் ஒரு வரி எழுதணும்" என்றான்.

செய்நிரல் ஓடும்போது மாறிலி மாறாது. அதை எழுதுகிறவர் மட்டும் விரும்பியபோது மாற்றலாம் என்றேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், "அப்போ எழுதுறவங்களா நாங்க இருக்கணும்" என்றாள்.

அரசியல் வகுப்பில் பல மணி நேரம் பேசியும் விளங்காத உண்மை, கரும்பலகையில் இரண்டு வரிகளாக நின்றது. இயற்கை விதி போலத் தோன்றும் அளவுகள் பல மனிதர் எழுதியவை; எழுதியவரைக் கேள்வி கேட்கலாம்; திருத்தி எழுதவும் செய்யலாம். இதற்காகவே இக்கல்வி வேண்டும் என்கிறேன்.

ஆனால் வழியோ செங்குத்தானது. 2021இல், நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, எங்கள் மாவட்டத்து லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் மலைமேல் மரத்திலமைத்த பரணில் ஏறி இணையத்தைத் தேடினார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமே இல்லை. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பத் துறை தொடங்கிற்று. பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது. வெலிமடையிலிருந்து அங்கே பஸ்ஸில் போய்வரலாம். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையின் பிள்ளைக்கோ, அது கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும் இல்லை.

ஆசிரிய நண்பர்களே, கணினி அறையின் பூட்டைத் திறந்துவிடுங்கள். தூசு படியாமல் மூடிவைத்த பெட்டி எவருக்கும் கல்வி தருவதில்லை. பழுதான ஒன்றைப் பிள்ளைகளின் கையாலேயே கழற்றுவியுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் முதற் செய்நிரல் உங்கள் வீட்டுக் கணக்கைப் பற்றியதாக இருக்கட்டும்: அம்மாவின் சம்பளச் சீட்டை விரித்து வையுங்கள், ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள், கணக்கு எங்கே பிசகுகிறதென்று பாருங்கள். பிசகினால் அதை வீட்டிலும், சங்கத்திலும், துரையின் அலுவலகத்திலும் அஞ்சாமல் கேளுங்கள்.