இடப்பள்ளிக்காகப் பேசியவர்கள்

கொச்சியின் இடப்பள்ளியில் மெட்ரோவை விட்டு இறங்கிய கூட்டம் அப்படியே லுலு மாலுக்குள் திரும்பியது. நான் சாலைக்கு வந்தேன். சேலத்திலிருந்து வரும் 544-ம் எண் நெடுஞ்சாலை, கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கரையோரம் போகும் 66-ம் எண் நெடுஞ்சாலையைத் தொடும் இடம் இது. மேம்பாலத்தின் அடியில் நாலா பக்கமும் ஹாரன். களமசேரிப் பக்கம் போனால் ‘இடப்பள்ளி டோல்’ என்ற நிறுத்தம் வரும். சுங்கச் சாவடி இல்லை, பெயர் மட்டும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நம்பூதிரி அரச குடும்பம் ஆண்ட சிறிய நாடு இடப்பள்ளி. கொச்சியோடு ஒட்டாமல் கோழிக்கோட்டுச் சாமூதிரி பக்கம் சாய்ந்தது, பிறகு திருவிதாங்கூருக்குக் கீழே போனது. அதனால் கொச்சி ராஜ்யத்தின் வாசலிலேயே திருவிதாங்கூர் மண் இருந்தது. கொச்சியில் 1925-ல் சட்டமன்றம் வந்தது, அது கூடியது இங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள எர்ணாகுளத்தில். இடப்பள்ளிக்காரனின் குறையோ 1904-ல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கு இரண்டு தலைநகரங்கள்! 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூர்-கொச்சி இணைந்த பிறகுதான் இது முடிந்தது.

இணைந்த எட்டாவது மாதமே இந்த ஊர்ப் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 1950 பிப்ரவரி 28. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த நேரம், மார்ச் 9-க்கு ரயில் வேலைநிறுத்தம் குறித்திருந்தார்கள். லாக்கப்பில் கிடந்த தோழர் என்.கே. மாதவனை மீட்க கே.சி. மாத்யூ தலைமையில் ஒரு கூட்டம் இடப்பள்ளி போலீஸ் நிலையத்தைத் தாக்கியது. இரண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள், மாதவனை மீட்க முடியவில்லை. பிடிபட்டவர்கள் பட்ட அடி இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் பேசப்படுகிறது.

அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் வி. விஸ்வநாத மேனன். 1967-ல் அதே மேனன் எர்ணாகுளம் தொகுதியின் மக்களவை உறுப்பினர். 1987-ல் திருப்பூணித்துறை சட்டமன்ற உறுப்பினர், நாயனார் அமைச்சரவையில் நிதியமைச்சர். அதே வழக்கில் சிறை சென்ற எம்.எம். லாரன்ஸ் 1980-ல் இடுக்கியில் ஜெயித்தார். துப்பாக்கி தராத அதிகாரத்தை வாக்குச்சீட்டு தந்தது. அந்த இரண்டு போலீஸ்காரர்களின் குடும்பங்களை நினைக்காமல் இதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சந்திப்பை அடுத்து புனித ஜார்ஜ் தேவாலயம். நேர்ச்சைக்குக் கோழி கொடுப்பது இங்கே வழக்கம். ஒரு அம்மா கால் கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் பேத்தியைப் பிடித்தபடி சாலையைக் கடந்தார். அருகே ஒரு சாயாக் கடை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் 2022 திருக்காக்கரை இடைத்தேர்தலைப் பற்றிக் கேட்டேன்.

“மந்திரிமார் எல்லாரும் இங்கேதான் மோனே. என் வாசல்லயே ரெண்டு பேர் வந்தாங்க. அதுக்கு அப்புறம் யாரு வந்தா?” என்றார், தமிழும் மலையாளமும் கலந்து.

2008 எல்லை வரையறையில் பிறந்தது திருக்காக்கரை தொகுதி. மூன்றடியில் உலகை அளந்த வாமனன் கோயிலின் ஊர்ப்பெயர் அதற்கு. கொச்சி மாநகராட்சியின் பல வார்டுகள் அதில் சேர்ந்தன, இடப்பள்ளியும் சேர்ந்தது. மட்டாஞ்சேரி என்ற தொகுதிப் பெயரோ அதே வரையறையில் மறைந்தது. 2011-ல் பென்னி பெஹனான், 2016-லும் 2021-லும் பி.டி. தாமஸ். 2021 டிசம்பர் 22-ல் தாமஸ் இறந்ததும் ஐந்து மாதத்துக்கு மேல் இடம் காலி. 99 உறுப்பினர்களோடு இருந்த இடதுசாரி முன்னணி, நூறாவது இடத்துக்காக இந்தத் தெருக்களை முற்றுகையிட்டது. மே 31-ல் வாக்குப்பதிவு. தாமஸின் மனைவி உமா தாமஸ் 25,016 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஜெர்மனியில் என்றால் இடைத்தேர்தலே வராது. உறுப்பினர் இறந்தால் கட்சிப் பட்டியலில் அடுத்திருப்பவர் உள்ளே போவார். அங்கே 2025 தேர்தலில் தொகுதியில் முதலிடம் பிடித்த 23 பேருக்கு இடமே கிடைக்கவில்லை, கட்சியின் வாக்கு விகிதம் அவர்களைத் தாங்கவில்லை. கட்சிகளுக்கு அது நியாயமான கணக்கு. ஆனாலும் அந்த ஐந்து மாதம் கழித்து நேரடியாகத் தன் ஆளைத் தேர்ந்தெடுக்க முடிந்த இடப்பள்ளி வாக்காளரின் நிலைதான் எனக்குப் பிடிக்கிறது.

தேர்தல் முறை பற்றிய இன்னொரு பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. 66-ம் எண் சாலையில் வடக்கே போனால் வடக்குப் பறவூர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இந்தியாவில் முதன்முதல் வந்தது அங்கே, 1982-ல், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. முதலில் 123 வாக்கில் ஜெயித்த சிவன் பிள்ளை போய், ஏ.சி. ஜோஸ் வந்தார். ஆள் மாறினாலும் தவறில்லை, முறை சரியாக வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருந்தது.

அதே பிடிவாதம் எல்லை விஷயத்திலும் வேண்டும். மக்களவை இடங்களை மறுபடி பங்கிட்டால் கேரளத்தின் 20-ம் தமிழ்நாட்டின் 39-ம் என்ன ஆகும் என்ற கவலையில்தான் 2025 மார்ச் 22-ல் அதற்கெனக் கூடிய சென்னைக் கூட்டத்துக்கு அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் வந்தார். எண்ணிக்கையைப் பற்றி முதலமைச்சர்கள் பேசுவார்கள். எந்த வார்டு எந்தத் தொகுதிக்கு என்பதை வார்டுக்காரர்தான் பேச வேண்டும். 2002 எல்லை வரையறைச் சட்டப்படி ஆணையம் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வும் நடத்த வேண்டியிருந்தது. அடுத்த சட்டத்திலும் அந்த அமர்வு இருக்க வேண்டும், அது மாவட்டத் தலைநகரத்தோடு நிற்காமல் இந்தச் சாயாக் கடைப் பெரியவர் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில் நடக்க வேண்டும்.