வில்கா கேட்ட மரியாதை

பொலிவியாவில் 1899இல் நடந்த சண்டையைக் 'கூட்டாட்சிப் போர்' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். சூக்ரே நகரத்துப் பழமைவாதிகளுக்கும் லா பாஸ் நகரத்துத் தாராளவாதிகளுக்கும் தலைநகர் எது என்று தகராறு. ரெண்டு தரப்பும் வெள்ளை மேட்டுக்குடி. அதுல அய்மாரா இந்தியர்களுக்கு என்ன வேலை? பாப்லோ சாரத்தே வில்காவின் வாழ்க்கையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான்.

வேலை இருந்தது. நிலம்! 1874ஆம் வருசத்துச் சட்டம் 'அய்ல்யு' என்கிற ஊர்ப்பொது நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பட்டா என்றது. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனால் கூட்டமாய் நின்றவனைத் தனியாளாக்கினால் மிரட்டி எழுதி வாங்குவது சுலபம். ஆண்டைகளின் பண்ணைகள் பெருத்தன. மண்ணுக்குரியவன் அதே மண்ணில் கூலியில்லாத பண்ணையாள் ஆனான்.

சாரத்தே சிக்கசிக்கா பக்கத்து ஆள். 'வில்கா' பட்டப்பெயர், அய்மாராவில் சூரியனைக் குறிக்கும். தாராளவாதித் தலைவர் பாந்தோ அவரோடு கூட்டுச் சேர்ந்தார். போன நிலம் திரும்பும் என்று நம்பி அய்மாராக்கள் திரண்டார்கள். பெரும்பாலும் கவணும் தடியும்தான் ஆயுதம். மலைகளில் கொம்பு ஊதினார்கள். எதிரிப் படைக்குத் தானியமும் ஆடும் கிடைக்காமல் மறித்தார்கள். ஏப்ரல் 10இல் பழமைவாதிகள் தோற்றார்கள். பாந்தோ அதிபரானார், ஆட்சிபீடம் லா பாஸுக்கு வந்தது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி. அதே மாதம் வில்கா கைது.

காரணம் என்ன சொன்னார்கள்? 'இனப்போர்.' மொகோசா ஊருக்குள் நுழைந்து பணம் கேட்டு அட்டூழியம் செய்த தாராளவாதிச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள். கொலைதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அது நடந்த ஒரு மாதத்துக்குள் காரகோய்யோவில் வில்கா விட்ட அறிக்கை என்ன சொல்லுது? வெள்ளையரும் இந்தியரும் ஒரே ரத்தம், ஒருத்தரை ஒருத்தர் மதிக்கணும் என்று. கெஞ்சல் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் போட்ட கட்டளை. கவண்காரன் துப்பாக்கிக்காரனுக்குக் கட்டளை போடுவதா? மொகோசாவை மன்னித்திருந்தாலும் இதை மன்னித்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

மொகோசா வழக்கு வருசக்கணக்கில் இழுத்தது. இந்தியர்களுக்காக வாதாடிய பவுத்திஸ்தா சாவேத்ரா, இது சீரழிந்த இனம், அதனால்தான் குற்றம் செய்கிறது என்று வாதாடினார். நம்ம பக்கத்து வக்கீல் இப்படி! பிறகு 1921இல் அவரும் அதிபரானார். இந்தியப் பெரும்பான்மைக்கு வாக்குரிமை வர 1952 ஆயிற்று.

1905இல் வில்கா கொல்லப்பட்டார். அப்போது அதிபர் இஸ்மாயில் மோந்தெஸ், அந்தப் போரில் தாராளவாதிகள் பக்கம் நின்றவர். டிட்டிகாக்கா ஏரிக்கரையில் தாராக்கோ அய்மாராக்களின் பொதுநிலத்தை வளைத்துத் தனக்குப் பண்ணை ஆக்கிக்கொண்டார்.